செவ்வாய்க்கிழமை வந்த பொம்மை

என் பெண்டாட்டி சின்னபொண்ணுக்கு ஆடி மாதம் வாதம் அடித்தது. வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது, வாய்தான் வராது என்று விழுப்புரத்து டாக்டர் சொன்னார். நாற்பத்தி நாலு வருஷம் அவள் பேசிக்கொண்டே இருந்தாள், நான் காதில் வாங்காமலேயே இருந்தேன். எங்கள் குடும்பம் அப்படித்தான் ஓடியது.

பதினைந்து நாள் கழித்து எங்கள் ஒரே மகள் தேவகி வந்து அவளைத் திண்டிவனத்துக்குக் கூட்டிப் போனாள். அங்கே அவள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவிலேயே கை காலுக்குப் பயிற்சி கொடுக்கிற இடம் இருந்தது. நான் முகையூர் பக்கம் எங்கள் ஊரிலேயே நின்றுவிட்டேன். ஒன்றரை ஏக்கர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பூ எடுத்து நின்றது. கொட்டகையில் ஒரு கறவை மாடு. இது ஊருக்குச் சொன்ன காரணம். சொல்லாத காரணம் ஒன்று இருக்கிறது, அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

தேவகியைக் கட்டியவன் சுதாகர். மரக்காணம் பக்கத்துக் கடலோரத்துக்காரன், அவன் அப்பனுக்குக் கடல் தொழில். இவன் திண்டிவனத்தில் ஏசி மெஷின் ரிப்பேர் பார்க்கிறான். அவளே பார்த்து அவளே கட்டிக்கொண்டது. ஒன்பது வருஷமாக அவன் எனக்கு ஒரு தப்பும் செய்ததில்லை. அதனாலேயே அவன் மேல் எனக்குச் சந்தேகம். ஒரு தப்பும் செய்யாதவன் எதற்கோ காத்திருக்கிறான் என்று நினைத்தேன். என் கையில் இருந்த டச் போன்கூட அவன் வாங்கிக் கொடுத்ததுதான்.

சின்னபொண்ணு திண்டிவனம் போன புதிதில் தேவகி போனைப் போட்டு அவள் காதில் வைப்பாள். நான் பேசுவேன். அந்தப் பக்கத்திலிருந்து ங்... ங்... என்று ஒரு சத்தம் வரும். இரண்டு தடவை கேட்டேன். மூன்றாவது தடவை கட் பண்ணிவிட்டேன். கோபத்தில் பண்ணவில்லை. கேட்க முடியவில்லை. ஆனால் கோபம் என்றுதான் அவள் நினைத்திருப்பாள். என்னை அப்படித்தான் அவளுக்குத் தெரியும்.

ஆவணியில் ஒரு நாள் காலை, பால் கறந்துவிட்டு வருகிறேன், போன் டொக்கென்றது. வாட்ஸப்பில் ஒரு மாடு. பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர். அதற்குப் பக்கத்தில் கேள்விக்குறி. கொஞ்ச நேரத்தில் தேவகி கூப்பிட்டாள். மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாயா என்று அம்மா கேட்கிறாள், அவளுக்கென்று கொடுத்த பழைய போனில் இடது கைக் கட்டைவிரலால் அவளே அழுத்தி அனுப்பினாள் என்றாள். அதற்கு எமோஜி என்று பேராம். எனக்கு அது பொம்மை.

நான் நம்பவில்லை. நானாவது மூன்றாவது வரைக்கும் போனேன், பஸ் போர்டு படிப்பேன், உர மூட்டை படிப்பேன். அவள் பள்ளிக்கூடத்துக்குள் போனது ஓட்டுப் போட மட்டும்தான். போனை எந்தப் பக்கம் காதில் வைப்பது என்று கேட்கிறவள் அவள். இது மகளும் மருமகனும் என்னைச் சமாதானம் பண்ண நடத்துகிற நாடகம் என்று எண்ணி, பதில் போடாமல் விட்டேன். மூன்று நாள் மாடும் தண்ணீரும் வந்தது. மூன்று நாளும் சும்மா இருந்தேன்.

நாலாம் நாள் சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு பண்ணினேன். வீட்டில் ரேஷன் கார்டைக் காணோம். அது இருக்கிற இடம் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும், தேவகிக்குத் தெரியாது. தேவகியைக் கூப்பிட்டு, எங்கே வைத்தாள் என்று கேள், நீ சொல்லாதே, அவளைப் பொம்மையிலேயே சொல்லச் சொல் என்றேன். அரை மணி நேரம் ஆனது. ஒரு சேவல் வந்தது. கொஞ்சம் பொறுத்து ஒரு பானை வந்தது. சமையல் அறை மூலையில் கோழிக்குப் போடுகிற நொய் வைத்த பானை ஒன்று உண்டு. முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவினேன். பிளாஸ்டிக் பைக்குள் சுருட்டி ரேஷன் கார்டு இருந்தது. நொய் ஒட்டிய கையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாள் அவள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு நானும் கற்றுக்கொண்டேன். எழுதுகிற பெட்டிக்கு ஓரத்தில் சிரிக்கிற மூஞ்சி ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் பொம்மைகள் வரிசை வரிசையாக வரும். தள்ளிக்கொண்டே போக வேண்டும். கடைசியாகப் போட்ட பொம்மை தானாக முன்வரிசையில் வந்து நிற்கும். கார், கப்பல், ஆகாய விமானம், நான் பார்த்தே இல்லாத பழம், பல்லைக் காட்டுகிற பேய் எல்லாம் இருக்கிறது. கேப்பைக் கூழ் இல்லை. கரும்பு இல்லை. அவள் கூழுக்கு ஒரு கிண்ணத்தைப் போட்டாள், பக்கத்து நிலத்துக் கரும்பு வெட்டியாகிவிட்டதா என்று கேட்க மூங்கிலைப் போட்டாள். மல்லாட்டை மட்டும் அச்சு அசலாக இருந்தது.

ஒரு நாள் ஒரு எருமை, ஒரு சோற்றுத் தட்டு, கேள்விக்குறி. நம்மிடம் எருமை ஏது என்று தேவகியிடம் கேட்டேன். அவள் சிரித்தாள்.

"அது நீதான் பா. நீ சாப்டியான்னு அம்மா கேக்குது."

"நான் எருமையா?"

"நான் மனுஷன் பொம்மதான் பா காட்டுனேன். அது வேணாம்னு தள்ளிட்டு, தேடித் தேடி இதப் புடிச்சிது."

நானும் அவளுக்கு ஒன்று தேடினேன். பொம்பளை பொம்மை நிறைய இருந்தது, எல்லாம் முடி வெட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போகிற மாதிரி. ஒருத்தியும் அவள் ஜாடை இல்லை. அரை நாள் தேடி, சிவப்பு மிளகாயைப் போட்டேன். பதிலுக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற மூஞ்சி ஒன்று வந்தது. அவள் அனுப்பிய மூஞ்சி அது ஒன்றுதான். மற்றபடி அவள் கேட்டதெல்லாம் மாடு, தண்ணீர், கூழ், மல்லாட்டை, கோழி. நெஞ்சு, பூ, கும்பிடு, முத்தம், அந்தச் சங்காத்தமே அவளுக்குக் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புரட்டாசி பிறந்ததும் வீடு வர ஆரம்பித்தது. ஒரு வீடு, பக்கத்தில் ஒரு பஸ். ஊருக்கு வருகிறேன் என்கிறாள். நான் மல்லாட்டையைப் போட்டேன். பிடுங்கி முடியட்டும் என்று அர்த்தம். மறுநாளும் வீடு வந்தது. நானும் மல்லாட்டை போட்டேன். வாரம் முழுக்க இப்படியே போனது. பயிற்சி இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, ஆனாலும் வீட்டிலேயே வைத்து ஆள் வந்து செய்யலாம் என்று டாக்டர் சொன்னதாகத் தேவகியும் சொல்லிப் பார்த்தாள்.

இப்போது அந்தச் சொல்லாத காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மல்லாட்டை பிடுங்க ஆள் இருந்தது. மாட்டைப் பார்க்கப் பக்கத்து வீட்டு வீரம்மாள் இருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. அவளைத் தூக்க வேண்டும், கழுவ வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், வாயில் ஊட்ட வேண்டும். இதையெல்லாம் அவள் என் அப்பனுக்குச் செய்தாள், என் ஆத்தாளுக்குச் செய்தாள், எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது எனக்கும் செய்தாள். எனக்கு ஒரு சொம்பு வெந்நீர் வைக்கத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கம். அதனால் மல்லாட்டை.

அந்தத் திங்கட்கிழமை மல்லாட்டை பிடுங்க பதினோரு ஆள் இறங்கியிருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. போன் டொக் டொக் என்று அடித்தது. எடுத்துப் பார்த்தால் ஐந்து வீடு. ஒரு தெருவே வந்து நின்ற மாதிரி. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. குறுக்கே நீட்டின உள்ளங்கை பொம்மை ஒன்று உண்டு. நிறுத்து என்று அர்த்தம். அதை அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பார்த்துவிட்டாள். பதில் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை மாடு வரவில்லை. ஒன்றரை மாதத்தில் முதல் தடவை. நாள் முழுக்க போனைப் பார்த்துக்கொண்டே வேலை பார்த்தேன். சாயங்காலம் ஐந்து நாற்பதுக்கு மாடு வந்தது. வெறும் மாடு, தண்ணீர் இல்லை. ஆறு பத்துக்கு இன்னொன்று வந்தது. சிவப்பாக ஒரு நெஞ்சு.

கொட்டகையில் மாட்டுக்குப் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. நேற்று கையைக் காட்டி நிறுத்தினவனுக்கு இன்று இது எதற்கு என்று தோன்றியது. யாரையும் லேசில் நம்பாதவன் நான். ஆனால் அதை மட்டும் சந்தேகப்படாமல் எடுத்துக்கொண்டேன். பதிலுக்கு என்ன போடுவது என்று தெரியவில்லை. ஒன்றும் போடவில்லை.

புதன்கிழமை ஒரு பூவும் நெஞ்சும் வந்தது. வியாழன் கும்பிடும் நெஞ்சும். வெள்ளி இரண்டு நெஞ்சு. மாட்டைப் பற்றிக் கேள்வி இல்லை. வீடும் இல்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? சரி, சமாதானம் ஆகிவிட்டாள், திண்டிவனத்திலேயே இருக்க மனசு வந்துவிட்டது என்று நினைத்தேன். வீடு வராததில் எனக்கு நிம்மதி. வரப்பில் உட்கார்ந்து அந்த நெஞ்சை வரிசையாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். வீரம்மாள் பார்த்துவிட்டாள்.

"இன்னா மாமா, போனப் பாத்து செவந்து போறீங்க? கண்ணாலம் ஆன புதுசுலகூட இப்டி சிரிச்சிருக்க மாட்டீங்க போல."

மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்த பொம்பளைகள் எல்லாம் சிரித்தார்கள். நான் போனை மடியில் சொருகிக்கொண்டேன். எனக்கும் சிரிப்புதான்.

மறுநாள் புரட்டாசி மூன்றாம் சனி. நாங்கள் பெருமாள் கும்பிடுகிற வீடு. அந்த மாதம் பிறந்தால் சின்னபொண்ணு கறிச்சட்டி மீன்சட்டியை எல்லாம் துலக்கிக் கவிழ்த்து, பரண் மேல் போட்டுவிடுவாள். பக்கத்து வீட்டில் கருவாடு சுட்டால் நம் ஜன்னலைச் சாத்துவாள். சனிக்கிழமை உச்சிவேளை வரைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. அன்று காலை எட்டு மணிக்கு போன் அடித்தது. ஒரு சோற்றுத் தட்டு. பக்கத்தில் ஒரு மீன். கேள்விக்குறி. அப்புறம் ஒரு நெஞ்சு.

சாகக் கிடந்தாலும் அவள் இன்றைக்கு மீனைத் தொடமாட்டாள் என்று நினைத்தேன். அப்படியென்றால் இதைப் போட்டது அவள் இல்லை.

மாட்டை வீரம்மாளிடம் விட்டுவிட்டு விழுப்புரம் பஸ்ஸைப் பிடித்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து சுதாகருக்கு போன் போட்டேன். அவனை நானாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"ஏம்பா, நான் அங்கதான் வந்துகிட்டு இருக்கேன். அந்த மீனு நீ போட்டதா?"

அவன் குரலைத் தாழ்த்தினான்.

"ஆமா மாமா. தேவகி உள்ள இருக்குறா. அத்த போன் என்கிட்ட இருந்துச்சு. எங்க வீட்ல சாப்பாடுன்னா மீனுதான, யோசிக்காம போட்டுட்டேன். நீங்க வீட்டுக்குப் போவாதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க."

விழுப்புரத்தில் இறங்கித் திண்டிவனம் பஸ் மாறினேன். அந்த ஒரு மணி நேரம் ஜன்னலில் என்ன போனது என்று எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலமே அவளுக்கு இரண்டாவது தடவை அடித்துவிட்டது. அன்றிலிருந்து நினைவு இல்லை. இரண்டு நாளில் கண் திறக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதை நம்பித் தேவகி எனக்குச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி நடையில் என்னைப் பார்த்ததும் அவள் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"மல்லாட்டய பாதில போட்டுட்டு ஓடியாருவன்னுதான் பா சொல்லல. பொம்ம வரலன்னா நீ பேஜாராயிடுவ. அதான் அம்மா மாதிரி நானே..."

"அம்மா மாதிரியா? உங்கம்மா என்னிக்கி எனக்கு நெஞ்சு அனுப்புச்சு?"

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். மேலே ஒன்றும் கேட்க எனக்கும் யோக்கியதை இல்லை. நாலு நாள் நெஞ்சைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தவன் நான்.

உள்ளே ஒருத்தரைத்தான் விட்டார்கள். மூக்கில் குழாய். இடது கைக் கட்டைவிரல் மட்டும் போர்வைக்கு வெளியே தெரிந்தது. குனிந்து காதில், வீட்டுக்குப் போலாம் வா, நானே கழுவறேன், நானே ஊட்டறேன் என்று சொன்னேன். சத்தமாகவும் சொன்னேன். நர்ஸ் வந்து, பெரியவரே, மெல்ல என்றது. சின்னபொண்ணு அசையவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உயிர் போய்விட்டது.

விழுப்புரம் தாண்டி வண்டி எங்கள் ஊர் ரோட்டில் திரும்பும்போது அவள் தலைமாட்டில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அவள் கேட்டது இது இல்லை.

காரியம் முடிகிற வரைக்கும் எனக்கு ஒரே யோசனைதான். புதன், வியாழன், வெள்ளி வந்தது தேவகி போட்டது. சனிக்கிழமை வந்தது சுதாகர் போட்டது. சரி. செவ்வாய்க்கிழமை ஆறு பத்துக்கு வந்ததே, அது யார் போட்டது? அது அவள் போட்டதாக இருந்தால், நான் காட்டின கையைப் பார்த்த பிறகும் அவள் என்னை மன்னித்துவிட்டுப் போயிருக்கிறாள். தேவகி போட்டதாக இருந்தால், சின்னபொண்ணு கடைசியாக என்னிடமிருந்து பார்த்தது அந்தக் கை. அவள் கடைசியாக எனக்குச் சொன்னது ஒரு மாடு. அதற்கும் நான் பதில் போடவில்லை.

சின்னபொண்ணின் போனை வாங்கிப் பார்த்தேன். முன்வரிசையில் நெஞ்சு, மீன், கும்பிடு, பூ. அதற்குப் பின்னால்தான் மாடும் வீடும். எல்லாரும் தொட்டுத் தொட்டு அதுவும் கலைந்து போயிருந்தது. ஆம்புலன்ஸுக்குத் தேவகி போன் போட்ட நேரத்தைத் தேவகியின் போனில் பார்த்தேன். ஆறு இருபத்தைந்து. அதற்கு எவ்வளவு முன்னால் விழுந்தாள் என்று கேட்டால் பத்து நிமிஷம் என்கிறாள், இன்னொரு தடவை கேட்டால் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன், தண்ணீர் தெளித்தேன், கால் மணிக்கு மேல் இருக்கும் என்கிறாள். முன்னது சரி என்றால் நெஞ்சு அவள் போட்டதாக இருக்கலாம், பின்னது சரி என்றால் இருக்க முடியாது. விழுகிற நேரத்தில் யார் கடிகாரம் பார்த்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்த ஜனம் எல்லாம் போன பிறகு, பந்தல் பிரித்துக்கொண்டிருந்த சுதாகரைக் கூப்பிட்டேன். போனைக் காட்டி, இது யார் போட்டது, உனக்குத் தெரிந்ததைச் சொல் என்றேன். அவன் கையில் இருந்த கயிற்றைக் கீழே வைத்தான்.

"நான் அப்ப வேலைல இருந்தேன் மாமா. எனக்குத் தெரியாது. அத்ததான் போட்டுதுன்னு சொன்னா உங்களுக்கு நிம்மதியா இருக்கும். எனக்கும் சொல்லணும்னுதான் இருக்கு. ஆனா தெரியாது."

ஒன்பது வருஷத்தில் அவன் சொன்னதை நான் அப்படியே நம்பியது அன்றைக்குத்தான். நம்பியும் ஒன்றும் கிடைக்கவில்லை.

தேவகி உள்ளிருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். வெளியே வந்தாள். கண் வீங்கி, முகம் கறுத்து, அவள் அம்மா ஜாடையாக இருந்தாள்.

"அது அம்மா போட்டதுதான் பா. எத்தினி தடவ சொல்றது?"

"மூணு நாளு பொய்யி அனுப்புனவ நீ."

"அதுக்கு முன்ன நான் தொடவே இல்ல."

"திங்கக்கெழம நான் கை காட்டுன பொறவு அம்மா அழுதுச்சா?"

அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.

"அழுதுச்சா இல்லியா?"

"அழுதுச்சு."

"அதப் பாத்துட்டுத்தான நீ சமாதானமா ஒண்ணு போட்டு வெச்ச?"

"இல்ல பா. நீ நம்பலன்னா சூடம் ஏத்தி அணைக்கிறேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. அவள் அம்மா படத்துக்கு முன்னால் இருந்த தட்டில் ஒரு சூடத்தை எடுத்து வைத்தாள். வத்திப்பெட்டியைத் திறந்தாள். எங்கள் பக்கத்தில் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்துச் சத்தியம் பண்ணினால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. பொய்யாக அடித்தவள் குடும்பம் விளங்காது என்பார்கள். அவளுக்கு இன்னும் குழந்தை இல்லை. ஒன்பது வருஷமாகக் கோவில் கோவிலாகப் போகிறாள்.

அவள் முகத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறவள் முகமும் அப்படித்தான் இருக்கும். அப்பனுக்காகப் பொய்ச் சத்தியத்துக்குத் துணிந்தவள் முகமும் அப்படித்தான் இருக்கும். எழுபது வயசாகிறது, ஆளைப் பார்த்து எடைபோடுவேன் என்று பேர் எடுத்தவன், நான் பெற்ற பிள்ளை முகத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

அவள் குச்சியை உரசினாள். முதல் தடவை பற்றவில்லை. இரண்டாவது தடவை உரசுவதற்குள் போய்க் கையிலிருந்து வத்திப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டேன்.

"வாணாம். அடிக்காத."

"அப்ப நம்பறியா?"

சூடத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"உன் புருஷன் காலைலருந்து சாப்டல. போயி சோத்தப் போடு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு உள்ளே போய் இலை அறுத்தாள். மூன்று பேருக்கும் போட்டாள். பந்தல் பிரித்த வெற்று வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.